ஹிமாலயன் 411, என் உயரம் 155 செ.மீ. சீட்டை இறக்க எது சரியான வழி?

ராசிபுரம்_ரைடர்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருக்கிறேன், எழுதுவது இது முதல் தடவை.

உயரம் 155 செ.மீ., அதாவது ஐந்தடி ஒரு அங்குலம். எடை 52 கிலோ. அண்ணன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகும்போது அவனுடைய 2021 ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கை (411 சிசி, பிஎஸ்6) என்னிடம் விட்டுவிட்டுப் போனான். "விற்றுவிடட்டுமா, இல்லை நீ ஓட்டுகிறாயா" என்று ஏர்போர்ட் வாசலில் வைத்துக் கேட்டான், நானும் யோசிக்காமல் ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் ஓட்டியது ஸ்கூட்டியும் அப்பாவுடைய ஸ்பிளெண்டரும்தான்.

வண்டி நகர்ந்துவிட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை, உண்மையைச் சொன்னால் ஸ்பிளெண்டரைவிட இதில்தான் தைரியமாக இருக்கிறது. நிறுத்தும்போதுதான் வினை. சீட் உயரம் 800 மிமீ, வண்டி எடை 199 கிலோ. இரண்டு காலையும் ஊன்றப் பார்த்தால் இரண்டு பக்கமும் கட்டை விரல் நுனி மட்டும் தொடும். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இடது பாதத்தில் முன்பாதி பதியும்.

இதுவரை இரண்டு தடவை கீழே போட்டிருக்கிறேன். முதல் தடவை பெட்ரோல் பங்க்கில். 15 லிட்டரும் நிரப்பிவிட்டு, விரல் நுனியால் தள்ளித் தள்ளிப் பின்னால் எடுத்தேன், தரையில் டீசல் சிந்திக் கிடந்ததைப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை கொல்லிமலையில். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு, அதில் பாதி தாண்டியிருப்பேன். வலப்பக்கமாகத் திரும்புகிற ஒரு வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கியது, நிறுத்தினேன், வலது காலை ஊன்றினேன், அங்கே தரையே இல்லை. வண்டி மெதுவாக, ரொம்ப மரியாதையாகப் படுத்தது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி வந்து தூக்கிக் கொடுத்தார்கள். பிரேக் லீவர் வளைந்தது, கிராஷ் கார்டு தேய்ந்தது, எனக்கு அடி எதுவும் இல்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்களே, அதுதான் வலித்தது.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக், முன்னால் பின்னால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிடலாம், ஒரு மணி நேர வேலை என்கிறார். சீட் கடைக்காரர் மூன்று அங்குலம் ஃபோம் எடுத்துவிடலாம் என்கிறார். ஆன்லைனில் வண்டியின் பின்பக்கத்தை இறக்குகிற லோயரிங் லிங்க் என்று ஒன்று விற்கிறார்கள். எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது? ஆர்சி, இன்சூரன்ஸ் பக்கம் சிக்கல் வருமா? வண்டியை விற்றுவிடு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

*

மீட்டியார்_மச்சான்:

மீட்டியார் 350 சீட் 765 மிமீதான். இரண்டு காலும் பதியும். எதற்கு இவ்வளவு கஷ்டம்?

*

ராசிபுரம்_ரைடர்:

கடைசி வரியைப் படிக்கவில்லை போல.

*

ஒற்றைக்கால்_கொக்கு:

தங்கச்சி, நான் 158 செ.மீ. ஒன்பது வருடமாக இதே வண்டி, நானும் ஆரம்பத்தில் நான்கு தடவை போட்டவன், அதனால் நீங்கள் இன்னும் கடன் பாக்கி.

வண்டியில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு விஷயம். இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று யார் சொன்னது? ஸ்கூட்டி பழக்கம் அது. இந்த உயர வண்டியில் ஒரு கால் போதும், அந்த ஒரு கால் முழுசாகப் பதிந்தால் போதும். நிற்கப் போவதற்குப் பத்தடி முன்னாலேயே இடுப்பைச் சீட்டில் இடது பக்கம் நகர்த்திவிடுங்கள், பாதிப் பிருஷ்டம் வெளியே தொங்கட்டும். வலது கால் பின் பிரேக்கை விட்டு நகரவே கூடாது. வண்டி நிற்கிற கடைசி நொடியில் இடது கால் கீழே. விரல் நுனிக்கும் முழுப் பாதத்துக்கும் இருக்கிற வித்தியாசம் இந்த இடுப்பு நகர்வில்தான் இருக்கிறது. காலி மைதானத்தில் ஐம்பது தடவை செய்யுங்கள், ஆறாவது நாள் தானாக வரும்.

கடைசியாகப் பிடிப்பது பின் பிரேக்காக இருக்கட்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்து நிறுத்தினால் ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு ஷாக் குழாய்கள்) அமுங்கி வண்டி உள்பக்கம் இழுக்கும், 199 கிலோவை 52 கிலோ பிடிக்க முடியாது. பங்க், பார்க்கிங், வீட்டு வாசல் எல்லா இடத்திலும் விழுவது இப்படித்தான்.

அப்புறம் தரையைப் படிக்கப் பழகுங்கள். நம் ரோடு நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம், தண்ணீர் வடிய வேண்டுமே. நாம் இடது ஓரத்தில் நிற்கிறோம், அதனால் இடது காலுக்குத் தரை எப்போதும் கொஞ்சம் கீழேதான் இருக்கும். சிக்னலில் ஓரமாக ஒதுங்காமல் லேனுக்கு நடுவில் நில்லுங்கள். கொண்டை ஊசியில் உள்பக்கம் சரிந்திருக்கும், நீங்கள் வலப்பக்க வளைவில் வலது காலைப் போட்டீர்கள், அந்தப் பக்கம் தரை எப்படி இருக்கும்? மலையில் ஹார்ன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நேர் ரோட்டில் நின்றுவிடுங்கள். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்று விதி இருக்கிறது, ஆனால் பஸ்ஸுக்கு அதை யார் போய்ச் சொல்வது.

பார்க்கிங்கில் மூக்கு பள்ளத்தைப் பார்க்கிற மாதிரி விடாதீர்கள். பின்னால் எடுக்க முடியாமல் நிற்பீர்கள். எடுக்க முடியாத இடத்தில் இறங்கி நின்று தள்ளுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஏறுவதும் அப்படித்தான், சைடு ஸ்டாண்டில் நிற்கும்போதே இடது ஃபுட்பெக்கில் மிதித்துக் குதிரை ஏறுவது போல ஏறிவிடுங்கள்.

டானி பெட்ரோசா என்ற முன்னாள் மோட்டோஜிபி பைக் பந்தய ஓட்டுநர் கிட்டத்தட்ட என் உயரம்தான். அவருக்கு நடுவில் சிக்னலும் பஸ்ஸும் இல்லை, அந்த அதிர்ஷ்டம் வேறு.

*

பழைய_வொர்க்‌ஷாப்:

கொக்கு சொன்னது எல்லாம் சரி. ஆனால் 155-க்கும் 158-க்கும் வித்தியாசம் இருக்கிறது, வண்டியிலும் கொஞ்சம் வேலை செய்யலாம், தப்பில்லை. முதலில் அந்த ஸ்பிரிங் வெட்டுகிற ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஸ்பிரிங்கில் சுற்றை வெட்டினால் மிச்சம் இருக்கிற ஸ்பிரிங் முன்னைவிட விறைப்பாகிவிடும், இது பலருக்குத் தெரியாது. உங்கள் எடைக்கு ஏற்கெனவே விறைப்பாக இருக்கிற வண்டி இன்னும் கல்லாகும். ஸ்பிரிங் குட்டையாகிவிட்டது, ஆனால் ஷாக்கின் நீளம் அப்படியே இருக்கிறது. பள்ளத்தில் சக்கரம் முழுசாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருப்பிடத்தில் லூசாக ஆடும், அடுத்த அடியில் கோணலாக உட்காரும். வெட்டின முனை தட்டையாகவும் இருக்காது. ஃபோர்க்கை முறையாகக் குட்டையாக்க வேண்டும் என்றால் உள்ளே ஸ்பேசர் என்ற சின்னக் குழாய்த் துண்டு வைத்து, அது மேலும் கீழும் ஓடுகிற தூரத்தையே குறைக்க வேண்டும். அது ஃபோர்க்கைப் பிரித்து ஆயில் மாற்றிச் செய்கிற வேலை, ஒரு மணி நேர வேலை இல்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம், சேக். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சக்கரம் தொங்குகிற நிலையிலிருந்து, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எடையும் உங்கள் எடையும் சேர்ந்து எவ்வளவு அமுங்குகிறதோ அதுதான் சேக். 800 மிமீ என்று கம்பெனி சொல்வது யாரும் உட்காராத உயரம். ஹிமாலயனின் பின் சஸ்பென்ஷன் பயணம், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகிற தூரம், 180 மிமீ, அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது 50 முதல் 55 மிமீ வரை ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் அமுங்க வேண்டும். 75, 80 கிலோ ஆளுக்கு அமுங்கும். உங்கள் 52 கிலோவுக்கு 30 கூட அமுங்காமல் இருக்கலாம். அண்ணன் பின்னால் ஆளை ஏற்றி, மூட்டை கட்டி ஓட்டியிருந்தால் ப்ரீலோடை, அதாவது ஷாக் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கிற அளவை, வேறு ஏற்றி வைத்திருப்பார். அப்படியென்றால் நீங்கள் இத்தனை நாளாக வேறு ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறீர்கள்.

அளப்பது சுலபம். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின் சக்கரம் தொங்கும்போது ஆக்ஸில் நட்டிலிருந்து நேர் மேலே டெயில் பேனலில் ஒரு டேப் ஒட்டி அதுவரை அளவு எடுங்கள். அப்புறம் ஸ்டாண்டை எடுத்து, ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு உட்காருங்கள், ஒருவர் வண்டியை நேராகப் பிடிக்க, இன்னொருவர் அதே இரண்டு புள்ளிக்கு நடுவில் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சேக். குறைவாக இருந்தால் ஷாக்கில் ப்ரீலோட் காலரை (ஸ்பிரிங்கை அழுத்துகிற வளையம்) சி-ஸ்பேனர் போட்டுத் தளர்த்துங்கள். ஷாக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் லிங்கேஜ் (இணைப்புத் துண்டுகள்) இருக்கிற வண்டி என்பதால் காலரில் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் சக்கரத்தில் அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு தெரியும். இது பணச் செலவில்லாத வேலை, குழிகளில் முதுகுக்கும் நல்லது.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வண்டியின் பின்பக்கம் சக்கரத்துக்கு மேலே 25 மிமீ இறங்கினால் சீட் 25 இறங்காது. சீட் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கொஞ்சம் பின்னால் இருக்கிறது, ஆகவே 17, 18 தான் இறங்கும். லிங்க் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, ஆர்சி-யில் இருக்கிற விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஆர்சி-யில் வீல்பேஸ் இருக்கிறது, எடை இருக்கிறது, சீட் உயரம் என்று ஒரு கட்டம் இல்லை. ஃபோம், ப்ரீலோட் இதற்கெல்லாம் யாரும் உங்களை நிறுத்தப் போவதில்லை. லிங்க் மாற்றினால் மட்டும் இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள், விபத்துக்குப் பிறகு வாதம் செய்வதைவிட அது நல்லது. சக்கரத்தையோ டயர் அளவையோ சின்னதாக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள், ஸ்பீடோ, ஏபிஎஸ் எல்லாம் சக்கரம் சுற்றுகிற கணக்கை நம்பித்தான் இருக்கின்றன.

*

நீலகிரி_நிலா:

ஹாய், நான் 154 செ.மீ. நான் லிங்க் போட்டேன். பழைய_வொர்க்‌ஷாப் அண்ணா கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்குப் பயன்பட்டது, ஆனால் அதற்குப் பின்னால் வந்த வேலைகளை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் வேறு மாதிரி முடிவு எடுத்திருப்பேனோ என்னவோ.

நான் வாங்கியது பின்பக்கத்தை 25 மிமீ இறக்குகிற லிங்க். லிங்கேஜில் இருக்கிற பழைய டாக்போன் என்ற இணைப்புத் துண்டைக் கழற்றி, அதைவிடச் சில மில்லிமீட்டர் நீளமானதை மாட்டுவதுதான் வேலை. சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, போல்ட் சும்மா கையில் வருகிற அளவுக்குத் தூக்கி வைத்துக்கொண்டு கழற்ற வேண்டும், இல்லையென்றால் சுத்தியலால் அடிக்க ஆரம்பிப்பார்கள். கழற்றினபோது பேரிங்கில் கிரீஸே இல்லை, காய்ந்து போயிருந்தது. அதைத் துடைத்துக் கிரீஸ் வைத்ததே பாதி லாபம்.

மாட்டின அன்றைக்குச் சந்தோஷமாக ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். சைடு ஸ்டாண்ட் போட்டேன், இறங்கினேன், இரண்டடி நடந்தேன், பின்னால் சத்தம். வண்டி வலது பக்கம் விழுந்து கிடந்தது. வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்ட் அதே நீளம், ஆகவே சாயாமல் கிட்டத்தட்ட நேராக நின்றிருக்கிறது, கொஞ்சம் சரிவு போதும் அந்தப் பக்கம் போக. அப்புறம் ஸ்டாண்டை வெட்டி வெல்டிங் வைத்தேன். எவ்வளவு வெட்டுவது என்று யாரிடமும் கணக்குக் கேட்காதீர்கள், வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் மெல்லிய பலகைகளை மாற்றி மாற்றி வைத்து, எந்த உயரத்தில் பழைய சாய்வு வருகிறதோ அதுதான் வெட்ட வேண்டிய அளவு. சென்டர் ஸ்டாண்டும் இப்போது எனக்குச் சத்ரு, முன்னைவிட உயரமாகத் தூக்க வேண்டியிருக்கிறது, ஒரு மரப்பலகையில் பின் சக்கரத்தை ஏற்றிவிட்டுத்தான் போடுகிறேன்.

அடுத்து ஹெட்லைட். பின்பக்கம் மட்டும் இறங்கினதால் வெளிச்சம் மரக்கிளையைப் பார்த்தது. வளைவுகளில் ஹேண்டில் சோம்பேறித்தனமாகத் திரும்பியது, முன் ஃபோர்க் கொஞ்சம் படுத்துவிட்டது அல்லவா. அதற்காக முன்னால் ஃபோர்க் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் 10 மிமீ மேலே ஏற்றினோம், இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து ஒரே அளவாக. அதற்கு மேல் ஏற்றவில்லை. ஃபோர்க் பயணம் 200 மிமீ, முன் சக்கரம் தொங்கும்போது டயரின் உச்சிக்கும் மேலே முதலில் இடிக்கக்கூடிய பாகத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து 200 கழித்தால் மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான் நமக்கு இடம், அதிலும் முழுசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செயின் டென்ஷனும் மாறியிருந்தது, பார்த்துச் சரி செய்தோம்.

இதெல்லாம் செய்த பிறகு இடது பாதம் முழுசாகப் பதிகிறது. தரையிலிருந்து 220 மிமீ இருந்த இடைவெளி குறைந்துவிட்டது, மசினகுடி பக்கத்துக் கல்பாதை ஒன்றில் அடிப்பிளேட் இரண்டு தடவை உரசியது. தார் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை, கல்லட்டியின் 36 வளைவுகளும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன். நீங்கள் காட்டுப் பாதைக்குப் போவதில்லை என்றால் லிங்க் பரவாயில்லை. ஆனால் சீட்டை முதலில் செய்யுங்கள் பா, நான் தலைகீழாகச் செய்தேன்.

விழுந்தால் தூக்குவதற்கும் ஆள் தேடாதீர்கள். இன்ஜினை ஆஃப் செய்து, முடிந்தால் கியரில் போடுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும். ஹேண்டிலை முழுசாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடுப்பைச் சீட் விளிம்பில் முட்டுக் கொடுத்து, ஒரு கை ஹேண்டில் பிடியில், ஒரு கை பின் கம்பியில், சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். தொடைதான் தூக்க வேண்டும், முதுகு இல்லை. நான் 49 கிலோ, என்னால் முடிகிறது.

*

ரெக்சின்_ராஜா:

ஈரோட்டில் சீட் வேலை செய்கிறேன், இந்த வண்டி சீட் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று அங்குலம் எடுக்கலாம் என்று சொன்னவர் அந்த சீட்டைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். 75 மிமீ எடுத்தால் நீங்கள் பிளாஸ்டிக் பேஸ் மேல்தான் உட்கார வேண்டும். இடுப்பு எலும்பு வருகிற இடத்தில் குறைந்தது 40 மிமீ ஃபோம் மிச்சம் இருக்க வேண்டும். 25 எடுக்கலாம், சிலருக்கு 30.

ஆனால் உயரத்தைவிட அகலத்தில்தான் விஷயம் இருக்கிறது, இதை நான் எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. கால் சீட்டிலிருந்து நேராகக் கீழே இறங்குவதில்லை, சீட்டின் தோளைச் சுற்றிக்கொண்டு வெளியே போய் அப்புறம்தான் இறங்குகிறது. டேங்கை ஒட்டின முன்பாகத்தை இரண்டு பக்கமும் சரித்து மெல்லிசாக்கினால் தொடை உள்ளே வரும், உயரத்தில் கை வைக்காமலேயே ஒரு செ.மீ. போலக் கால் கீழே போகும். நிற்கும்போது கொஞ்சம் முன்னால் நகர்ந்து அந்த மெல்லிசான இடத்துக்கு வந்துவிட்டால் போதும்.

ஃபோமை நடுவில் மட்டும் குழியாகத் தோண்டச் சொல்லாதீர்கள். உட்கார்ந்தால் சுகமாக இருக்கும், ஆனால் கொக்கு சார் சொல்கிற மாதிரி இடுப்பை நகர்த்த முடியாது, குழியில் மாட்டிக்கொள்வீர்கள். முன்பக்கம் சரிவாக விட்டாலும் தப்பு, பிரேக் போடும்போதெல்லாம் டேங்க் மேல் போய் விழுவீர்கள். தட்டையாக, லேசாகப் பின்பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கட்டும். வெட்டின பிறகு மேலே 10 மிமீ ரீபாண்டட் ஃபோம் (ஃபோம் துண்டுகளை அழுத்தி ஒட்டினது) ஒட்டச் சொல்லுங்கள், அது அடர்த்தி அதிகம், மெல்லிசாக இருந்தாலும் அமுங்கிப் போகாது. அதையும் சேர்த்துத்தான் அந்த 25 கணக்கு, இதை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் ஒரு பாலிதீன் ஷீட், இல்லையென்றால் மழை பெய்த மூன்று நாளுக்கு ஈரத்தில் உட்காருவீர்கள்.

இரண்டு விஷயம். அண்ணன் சீட்டில் கத்தி வைக்காதீர்கள், முன் சீட் தனியாகக் கழற்றுகிற வண்டிதான் இது, பழைய சீட் ஒன்று வாங்கி அதில் செய்யுங்கள். அப்புறம், வண்டியோடு நேரில் போங்கள். பென்சிலால் கோடு போட்டு, கொஞ்சம் எடுத்து, உட்கார்ந்து பார்த்து, மறுபடியும் கொஞ்சம் எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

*

ஒற்றைக்கால்_கொக்கு:

ராஜா சொன்ன குழி விஷயம் நூற்றுக்கு நூறு. என் முதல் சீட் அப்படித்தான், தொட்டில் மாதிரி இருக்கும், சிக்னலில் இறங்க முடியாது.

ஷூவை யாரும் சொல்லவில்லையே. செருப்பில் ஓட்டுகிறீர்களா தங்கச்சி?

*

ராசிபுரம்_ரைடர்:

ஸ்போர்ட்ஸ் ஷூ. மெல்லிசான சோல்.

*

ஒற்றைக்கால்_கொக்கு:

அங்கேயே 20 மிமீ தூங்குகிறது. தடிமனான சோல் உள்ள ரைடிங் பூட் வாங்குங்கள், கணுக்காலும் தப்பிக்கும். இல்லையென்றால் இருக்கிற நல்ல பூட்டுக்குச் செருப்பு தைக்கிறவரிடம் ஒரு லேயர் ரப்பர் சோல் ஒட்டச் சொல்லுங்கள், முன்பாதம், குதிகால் இரண்டிலும் ஒரே அளவாக. கியர் லீவருக்குக் கீழே புதுச் சோலோடு கால் நுழைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நுழையவில்லையென்றால் லீவரை ஒரு பல் மேலே மாற்றலாம்.

*

ராசிபுரம்_ரைடர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் பெரிய நன்றி, என்ன செய்தேன் என்று எழுதிவிடுகிறேன்.

முதலில் சேக் அளந்தோம். அப்பா வண்டியைப் பிடித்தார், பக்கத்து வீட்டுப் பையன் டேப்பைப் பிடித்தான். 29 மிமீ. வொர்க்‌ஷாப் அண்ணா சொன்ன மாதிரியே ப்ரீலோட் ஏறித்தான் இருந்தது, என் அண்ணன் லடாக் போகிறேன் என்று சொல்லி ஏற்றினானாம், ஏற்காட்டைத் தாண்டவில்லை என்பது வேறு கதை. தளர்த்திய பிறகு 44. அதற்கு மேல் தளர்த்தினால் வண்டி தனியாக நிற்கும்போதே அதிகம் அமுங்கியது, அதோடு விட்டுவிட்டேன். சீட்டில் அது 10 மிமீ அளவுக்கு வந்திருக்கும். எதிர்பாராத லாபம், ராசிபுரம் – நாமக்கல் ரோட்டில் இருக்கிற வேகத்தடைகள் இப்போது என்னைத் தூக்கிப் போடுவதில்லை.

சீட் பழையது ஒன்று கிடைத்தது. மூன்று அங்குலக் கடைக்காரரிடம் போகவில்லை, வேறு ஒருவர். கோடு போட்டு நான்கு தடவை ஏறி இறங்கினேன், ரீபாண்டட் ஃபோமோடு சேர்த்து 25 மிமீ குறைந்தது, முன்பக்கம் இரண்டு பக்கமும் சரித்தாயிற்று. ராஜா அண்ணா, அந்த அகலம் விஷயம் உண்மைதான், ஃபோம் எடுப்பதற்கு முன்னால் பக்கத்தை மட்டும் சரித்தபோதே வித்தியாசம் தெரிந்தது. பாலிதீன் ஷீட் என்றதும் கடைக்காரர் "யார் சொன்னது" என்று கேட்டார், ஈரோட்டுக்காரர் என்றேன், சிரித்தார்.

பூட் வாங்கினேன், சோல் பழைய ஷூவைவிட 20 மிமீ அதிகம். எல்லாம் கூட்டினால் ஐம்பத்தைந்து மிமீ. இப்போது இரண்டு கால் ஊன்றினால் இரண்டிலும் முன்பாதம் பதிகிறது, இடுப்பை நகர்த்தினால் இடது பாதம் முழுசாக. லிங்க் வாங்கவில்லை, நிலா அக்காவின் டீக்கடைக் கதையைப் படித்த பிறகு ஆசையே போய்விட்டது. ஸ்பிரிங் வெட்டுகிற மெக்கானிக் ஒவ்வொரு நாளும் "என்னம்மா, எப்போ கொண்டு வர்றே" என்று கேட்கிறார்.

போன ஞாயிறு திரும்பவும் கொல்லிமலை. செம்மேடு வரை போய் வந்தேன், பஸ் மூன்று தடவை வந்தது, மூன்று தடவையும் வளைவுக்கு முன்னாலேயே நின்றேன். ஒரு தடவை இடது காலுக்கு அடியில் சரளைக் கல் இருந்தது, கொஞ்சம் சறுக்கியது, ஆனால் முழுப் பாதம் இருந்ததால் பிடித்துவிட்டேன். அதே கண்டக்டர் இல்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

இப்போது ஒரு புதுக் கேள்வி. பழைய_வொர்க்‌ஷாப் அண்ணா, வெள்ளிக்கிழமை அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கோயிலுக்குப் போக வேண்டும். ப்ரீலோடைத் திரும்ப ஏற்ற வேண்டுமா, எவ்வளவு?

*

பழைய_வொர்க்‌ஷாப்:

ஏற்ற வேண்டும். ஆள் ஏறும்போது தளர்த்தி வைத்த ஷாக் அடியில் போய் இடிக்கும், ஹெட்லைட்டும் மேலே போகும். காலரை முதலில் இருந்த இடத்துக்குக் கொண்டு போய், இருவரும் உட்கார்ந்து மறுபடி அளந்து பாருங்கள். பழைய இடத்தையும் இப்போதைய இடத்தையும் மார்க்கரால் குறித்து வைத்தால் ஒவ்வொரு தடவையும் டேப் தேட வேண்டாம். ஏற்றினால் உங்களுக்கு அந்த 10 மிமீ திரும்பப் போகும், அதை மனதில் வைத்து நிறுத்துங்கள். அம்மாவிடம் நீங்கள் சொன்ன பிறகு ஏறவும், நீங்கள் சொன்ன பிறகு இறங்கவும் சொல்லுங்கள், அது ரொம்ப முக்கியம். அம்மா எடை எவ்வளவு?

*

ராசிபுரம்_ரைடர்:

அதை இங்கே எழுதினால் எனக்கு ராத்திரி சோறு கிடைக்காது. அளந்தே பார்த்துக்கொள்கிறேன்.